மியூனிக்ல பையனுக்கு டியூஷன் தேடின கதை

நாங்க திருச்சில இருந்து மியூனிக் வந்தப்ப பையனுக்கு ஏழு வயசு, நொய்பெர்லாக்ங்கற ஏரியால வீடு, பக்கத்துலயே இருக்கற கிருண்ட்ஷூலேல, அதாவது ஆரம்பப் பள்ளில, ரெண்டாம் கிளாஸ்ல சேர்த்தோம். இன்டர்நேஷனல் ஸ்கூல் ஃபீஸ் நமக்கு கட்டுப்படியாகாது, அதுவும் இல்லாம இங்கயே இருக்கப் போறோம்னா பிள்ளை ஜெர்மன்லயே படிக்கட்டும்னு நானும் வீட்டுக்காரரும் பேசி எடுத்த முடிவு அது, அதுல இன்னைக்கும் எனக்கு வருத்தம் இல்ல. ஆனா முதல் வருஷம் ரொம்ப கஷ்டப்பட்டோம்.

இங்க மார்க் முறையே தலைகீழ். 1 தான் பெஸ்ட், 6 தான் கடைசி. மூணாம் கிளாஸ் ஆரம்பத்துல கணக்கு ப்ரோபேல, அதாவது டெஸ்ட்ல, 5 வாங்கிட்டு வந்தான். ஊர்ல இருக்கும்போது மனக்கணக்கு டக்கு டக்குனு சொல்ற பிள்ளை. அன்னைக்கு ராத்திரி எனக்கு தூக்கமே வரல.

மியூனிக் இருக்கற பவேரியா மாநிலத்துல இதுக்கு இவ்வளவு பதட்டப்பட காரணம் இருக்கு. நாலாம் கிளாஸ் முடியறதுக்குள்ளயே பிள்ளைங்கள பிரிச்சிடுவாங்க. மே மாசம் ஒரு சர்டிஃபிகேட் வரும், அதுல ஜெர்மன், கணக்கு, ஹெச்எஸ்யூ (நம்ம ஊர் சூழ்நிலையியல் மாதிரி) மூணுக்கும் சராசரி போடுவாங்க. 2.33 வரைக்கும்னா ஜிம்னாசியும் (நேரா யுனிவர்சிட்டிக்கு கொண்டு போற ஸ்கூல்), 2.66 வரைக்கும்னா ரியால்ஷூலே (பத்தாம் கிளாஸ் வரைக்கும் இருக்கற நடுத்தர ஸ்கூல்), மத்தவங்களுக்கு மிட்டல்ஷூலே (பெரும்பாலும் தொழில் பயிற்சிப் பக்கம் போற ஸ்கூல்). அதாவது ரெண்டு பாடத்துல 2, ஒண்ணுல 3, அதுக்கு மேல ஒரு படி இறங்கினா ஜிம்னாசியும் நேரடியா கிடையாது, தனியா மூணு நாள் போய் பரீட்சை மாதிரி எழுதணும். பின்னாடி மாறிக்கறதுக்கு வழி நிறைய இருக்கு, ரியால்ஷூலே முடிச்சும் மேல படிச்சு காலேஜ் போகலாம், ஆனா பத்து வயசுப் பிள்ளை மேல இப்படி ஒரு கணக்கு இருக்குன்னு தெரிஞ்சதும் நமக்கு வயித்துல புளி கரைக்குது.

முதல்ல ஊர்ல தெரிஞ்ச டீச்சர் ஒருத்தங்கள ஆன்லைன்ல பிடிச்சோம். நல்லா சொல்லிக் குடுத்தாங்க, குறை சொல்லவே முடியாது. ஆனா இங்க பெருக்கலுக்கு எக்ஸ் குறி கிடையாது, ஒரு புள்ளி தான். வகுத்தலுக்கு ரெண்டு புள்ளி. தசமத்துக்கு புள்ளி இல்ல, கமா. பையன் ரெண்டு முறையையும் கலந்து எழுதி ஸ்கூல்ல திருத்து வாங்கினான்.

அடுத்து ஒரு டியூஷன் சென்டர்ல சேர்த்தோம். அது நான் அவசரப்பட்டு செஞ்சது. நாலைஞ்சு பிள்ளைங்க ஒரே மேசை, ஆளுக்கொரு கிளாஸ், நடத்தறவர் சுத்திச் சுத்தி வருவார், நம்ம பிள்ளைக்கு மொத்தமா பதினஞ்சு நிமிஷம் கிடைச்சா பெருசு. நிறுத்தலாம்னு போனா ஆறு மாச காண்ட்ராக்ட், முன்கூட்டியே எழுத்துல சொல்லிருக்கணும்னாங்க. ஜெர்மன்ல இருந்த பேப்பர முழுசா படிக்காம கையெழுத்து போட்டிருந்தோம், மிச்ச மாசத்துக்கும் பணம் கட்டினோம். புதுசா வர்றவங்க தயவுசெஞ்சு கையெழுத்து போடறதுக்கு முன்னாடி எப்படி நிறுத்தறதுங்கற ஒரு பத்திய மட்டுமாவது மொழிபெயர்த்துப் பாருங்க.

கடைசில ஆள் கிடைச்சது சூப்பர் மார்க்கெட் வாசல்ல. அங்க ஒரு நோட்டீஸ் போர்டு இருக்கும், பழைய சைக்கிள் விற்பனைக்கு, பூனைய காணோம், அப்படி எல்லாம் ஒட்டியிருப்பாங்க. அதுல ஒரு வெள்ளைப் பேப்பர்ல பேனாவால நாக்ஹில்ஃபேனு எழுதி, இங்க டியூஷனுக்கு அதான் பேரு, அடியில போன் நம்பர சின்னச் சின்னத் துண்டா கிழிச்சு எடுத்துக்கற மாதிரி கத்தரிச்சு விட்டிருந்தாங்க. ரெண்டு துண்டு ஏற்கனவே போயிருந்தது, மூணாவது நான் கிழிச்சேன். ரிட்டயர் ஆன கிருண்ட்ஷூலே டீச்சர், எங்க வீட்ல இருந்து எட்டு நிமிஷ நடை, மணிக்கு 25 யூரோ, முதல் கிளாஸ் ட்ரையலா ஃப்ரீ. எங்க வீட்டு சாப்பாட்டு மேசையிலயே நடத்தச் சொல்லிக் கேட்டேன், நான் அடுப்படியில இருப்பேன், சரின்னுட்டாங்க. இதைக் கேக்க கூச்சமா இருந்தது, ஆனா பிள்ளை விஷயத்துல கேட்டுடணும்.

முதல் நாள் அந்த அம்மா கணக்கு நோட்டைத் திறக்கவே இல்ல. பையன பேச விட்டாங்க, அப்புறம் நம்பர் சொல்லி எழுதச் சொன்னாங்க. ஸீபன் உண்ட் ஃபியர்ட்ஸிக். இவன் 74னு எழுதினான். அது 47. ஜெர்மன்ல ஏழும் நாப்பதும்னு தான் சொல்லுவாங்க, ஒண்ணு முன்னாடி, பத்து பின்னாடி. நமக்கு தமிழ்ல நாப்பத்தி ஏழு, இங்கிலீஷ்லயும் அதே வரிசை. காதுல விழுந்த வரிசையில பிள்ளை எழுதியிருக்கான், அவ்வளவு தான். கிளாஸ்ல டீச்சர் வாயால சொல்லி எழுத வைக்கற கணக்கெல்லாம் அதுல தான் போயிருக்கு. அடுப்படியில நின்னு கேட்டுட்டிருந்த எனக்கு கண்ணு கலங்கிடுச்சு, இத்தனை மாசம் கவனமில்ல கவனமில்லன்னு அவன திட்டியிருக்கேனே.

பத்துப் பத்தா ரப்பர் பேண்ட் போட்ட தீக்குச்சி கட்டு கொண்டு வந்தாங்க. நம்பர முழுசா கேளு, கட்டை இடது பக்கம் வை, உதிரிய வலது பக்கம் வை, அப்புறம் எழுது. வாரம் ரெண்டு நாள், ஒவ்வொரு தடவையும் பத்து நிமிஷம் இது மட்டும். அதுக்கப்புறம் தான் வாக்கியக் கணக்கு. அன்னா 80 சென்ட் விலையில 4 ப்ரெட்ஸல் வாங்கி 5 யூரோ குடுத்தா மீதி எவ்வளவு? கழிக்கத் தெரியும், ஆனா மீதிச் சில்லறைக்கு இவங்க சொல்ற வார்த்தை தெரியாது, அதனால அந்த இடத்த காலியா விட்டிருந்தான். என் பிள்ளைக்கு கணக்கு வராம இல்ல, கணக்கோட ஜெர்மன் தான் வரல.

இன்னொண்ணு. வீட்ல ஜெர்மன்லயே பேசுங்க, சீக்கிரம் பிடிச்சுக்குவான்னு தெரிஞ்சவங்க பல பேர் சொல்லியிருந்தாங்க, நாங்களும் அரைகுறை ஜெர்மன்ல முயற்சி பண்ணி வீடே அமைதியாகிப் போச்சு. அந்த அம்மா, வேண்டாம், வீட்ல தமிழ்லயே பேசுங்க, நிறைய பேசுங்க, கதை சொல்லுங்க, ஒரு மொழில முழுசா சொல்லத் தெரிஞ்ச பிள்ளை இன்னொண்ணுலயும் சொல்லிடும்னாங்க. அதுக்கப்புறம் வாரத்துக்கு ஒரு கதை, முதல்ல தமிழ்ல என்கிட்ட, அப்புறம் ஜெர்மன்ல அவங்ககிட்ட.

போன மாசம் காக்கா வடை கதை சொன்னான். வடைக்கு ஜெர்மன்ல என்னன்னு தேடி, கிடைக்காம, நோட்டுல நடுவுல ஓட்டை போட்டு படம் வரைஞ்சு, இது இனிப்பு இல்ல, உளுந்துன்னு விளக்கம் குடுத்தான். நரி ஏமாத்தின இடத்துல அவங்களுக்கு சிரிப்பு தாங்கல. அடுத்த செவ்வாய்க்கிழமை நான் நாலு வடை சுட்டு தட்டுல வச்சேன், அவங்க ஒண்ண கையில எடுத்து ஓட்டை வழியா பையன பார்த்தாங்க, அவன் அந்தப் பக்கத்துல இருந்து கா கான்னான்.