சுற்றும் நொடிகள்

ஜூன் 3
சுற்றல், கிறுகிறுப்பு, தள்ளாட்டம் மூன்றும் வேறு வேறு. டாக்டர் கேட்டால் வாயில் வருவது 'மயக்கம்' ஒன்றுதான்.

ஜூன் 5
சொல்லை விட்டாச்சு. எவ்வளவு நேரம், எதனால் கிளம்புகிறது, இந்த இரண்டு மட்டும். இடப்பக்கம் புரண்டால் 20 நொடி. வலப்பக்கம் ஒன்றுமில்லை.

ஜூன் 7
5 நிமிடம் படுத்து பிரஷர் 128/80. எழுந்து நின்று 1 நிமிடத்தில் 122/82, 3 நிமிடத்தில் 124/82. மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கியிருந்தால்தான் பிரஷர் இறங்கி வரும் கிறுகிறுப்பு என்று கணக்கு. இது இல்லை.

ஜூன் 8
பித்தமாம். எலுமிச்சம்பழம் சொன்ன நாலாவது ஆள்.

ஜூன் 12
தலையை இடப்பக்கம் 45 டிகிரி திருப்பி, மேசை விளிம்புக்கு வெளியே சற்றுத் தொங்கும்படி மல்லாக்கச் சாய்த்தார்கள். நாலு நொடி சும்மா. அப்புறம் கண்விழி தானாகத் துடித்தது. உட்காதில் இருக்கும் கால்சியம் துகள்கள் இடம்பெயர்ந்து அரைவட்டக் குழாய்க்குள் விழுந்திருக்கின்றன. அவற்றை வெளியே உருட்டுவதுதான் எப்லி முறை: அதே நிலையில் சுற்றல் அடங்கும்வரை, குறைந்தது 30 நொடி, தலையை வலப்பக்கம் 90 டிகிரி, உடம்போடு மேலும் 90, மூக்கு தரையைப் பார்க்க, ஒவ்வொன்றிலும் அதே காத்திருப்பு, பிறகு மெல்ல உட்காருவது. வீட்டில் செய்பவர்கள் கெடுப்பது இரண்டாவது திருப்பத்தில்தான். தலையைத் தூக்கிவிடுவார்கள், துகள் வந்த வழியே திரும்பும். கழுத்தெலும்புத் தேய்மானம் உள்ளவர்கள் தாமாகச் செய்யக் கூடாது.

ஜூன் 14
புரண்டால் சுற்றவில்லை. பூஜ்யம் நொடி!

ஜூன் 15
நின்றால் படகு.

ஜூன் 24
மளிகைக் கடை, வரிசை வரிசையாக டப்பா. அங்கே போனால் ஆட்டம் கூடுகிறது. படுத்தால் அடங்குகிறது. இதற்கு நொடிக் கணக்கே இல்லை, நாள் முழுக்க. துகள் போன பிறகும் மூளை பழைய எச்சரிக்கையை விடாமல் பிடித்திருப்பது. பிபிபிடி (PPPD, விடாமல் நீடிக்கும் தள்ளாட்டம்) என்கிறார்கள்; 2017இல்தான் இலக்கணம் வகுத்தார்கள். 3 மாதம் நீடித்திருக்க வேண்டும். தள்ளாட்டம் தொடங்கிய பிப்ரவரியிலிருந்து எண்ணினால் தாண்டியாச்சு.

ஜூலை 1
சின்னாரிசைன் (சுற்றலை அடக்கும் மாத்திரை) நிறுத்தம். காதுப் பரிசோதனைக்கு 48 மணி நேரம் முன்பே நிறுத்தாவிட்டால் முடிவு மழுங்கும். மாதக்கணக்கில் விழுங்கினால் மூளை தன்னைச் சரிசெய்துகொள்வதே தள்ளிப்போகும். வயதானவர்களுக்குக் கை நடுக்கம் வேறு.

ஜூலை 4
காதில் 30 டிகிரித் தண்ணீர், அப்புறம் 44. விழித் துடிப்பு இரண்டு பக்கமும் சமம். 'நார்மல்.'

நார்மல் என்றால் ஒன்றுமில்லை என்று எவன் சொன்னது? பிபிபிடியில் ரிப்போர்ட் நார்மலாக வருவது சகஜம்.

ஜூலை 6
பயிற்சி: சுவரில் ஓர் எழுத்து. கண்ணை அதிலேயே வைத்துத் தலையை மட்டும் இடமும் வலமும். 30 நொடி, மூன்று தடவை.

முடித்ததும் கூடிய ஆட்டம் தணிய இன்று 14 நொடி.

ஜூலை 7
11. எலுமிச்சம்பழம், ஐந்தாவது ஆள்.