மீட்டரை விட ஒயருக்கு அதிகம் கொடுத்தேன்

போன மாதம் பக்கத்துத் தெருவில் ஒரு மாடி வீட்டில் ஃபேன் ரெகுலேட்டர் மாற்றப் போயிருந்தேன். மெயினை ஆஃப் செய்யச் சொன்னேன். கீழே இருந்து "பண்ணியாச்சு தம்பி" என்று குரல் வந்தது. வோல்ட், ஓம் எல்லாம் அளக்கும் மல்டிமீட்டரை ஏசி 750 வோல்ட் ரேஞ்சில் வைத்து, அதன் கறுப்பு, சிவப்பு ஒயர்களின் முனைகளால் ரெகுலேட்டரைத் தொட்டேன். 0 காட்டியது. சரி என்று ஸ்க்ரூவில் கை வைக்கப் போனவன், எதற்கோ சட்டைப் பையில் இருந்த டெஸ்டரையும் வைத்துப் பார்த்தேன். பளிச்சென்று எரிந்தது. அந்த வீட்டில் மாடிக்கும் கீழுக்கும் தனித்தனி மெயின். அவர்கள் கீழ் வீட்டு மெயினை ஆஃப் செய்திருக்கிறார்கள்.

மீட்டர் நன்றாகத்தான் இருந்தது. கறுப்பு ஒயர், கைப்பிடிக்குள் நுழையும் கழுத்தில் உள்ளுக்குள்ளேயே அறுந்திருந்தது. வெளியே தோல் முழுசாக இருந்ததால் எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து பிளேடால் கீறிப் பார்த்தேன். இவ்வளவு தடிமனான ஒயருக்குள் முடி போல நாலைந்து செம்புக் கம்பிகள், மீதியெல்லாம் பிளாஸ்டிக். கைப்பிடியில் மட்டும் '1000 வோல்ட், 20 ஆம்பியர்' என்று கம்பீரமாக அச்சடித்திருக்கிறார்கள்! வேலை முடிந்ததும் ஒயரை மீட்டர் மேல் இறுக்கிச் சுற்றி வைக்கிற என் பழக்கமும் அந்தக் கழுத்தை ஒடித்திருக்கும். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அடுத்த சனிக்கிழமை, புது ஒயர் வாங்க, சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போனேன். மீட்டரையும் பையில் போட்டுக்கொண்டேன். மீட்டரில் சொருகும் பிளக்கைச் சுற்றி பிளாஸ்டிக் உறை உள்ள ஒயர்கள்தான் பாதுகாப்பு. ஆனால் சில மலிவு மீட்டர்களின் ஓட்டையில் அவை முழுதாக இறங்காது. கடையிலேயே சொருகிப் பார்த்துவிட வேண்டும்.

சொருகியதும், ஒயரின் மின்தடை எவ்வளவு என்று பார்க்க, 200 ஓம் ரேஞ்சில் வைத்து இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று அழுத்தினேன். வீட்டில் கிடந்த இன்னொரு பழைய ஜோடி 0.9 காட்டும், கழுத்தை ஆட்டினால் 3, 4 என்று துள்ளும். புதியது 0.2-இல் நின்றது, ஆட்டினாலும் அசையவில்லை. ஒரு ஓமுக்கு இவ்வளவு அலட்டலா என்று கடைப் பையன் பார்த்தான். 4 ஓம் ஸ்பீக்கரின் கம்பிச் சுருள் நல்ல நிலையில் சுமார் 3.3 காட்டும். ஒயரே 0.9 கூட்டிவிட்டால் எதை நம்புவது?

தோல் சிலிகானா பி.வி.சி.யா என்று பார்த்து, சிலிகானே வாங்கினேன். பி.வி.சி. நாளாக ஆக விறைத்து, மடித்த இடத்தில் மடிந்தபடியே நிற்கும். சால்டரிங் அயன் பட்டால் உருகிச் செம்பு தெரியும்; என் மேசையில் அது வாராவாரம் நடக்கிற விஷயம். சிலிகானுக்கு அந்தப் பயம் இல்லை, கயிறு மாதிரி துவண்டு கிடக்கும். ஆனால் தகர விளிம்பில் உரசினால் சீக்கிரம் வெட்டுப்படும். சிலவற்றில் உள்ளே வெள்ளையாக இன்னொரு அடுக்கு இருக்கும். வெள்ளை தெரிந்தால் தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதான்.

முனை ஊசி போல இருக்க வேண்டும். சர்க்யூட் போர்டில் வார்னிஷ் பூசியிருந்தால் மொட்டை முனை வழுக்கிக்கொண்டு பக்கத்தில் உள்ள பாகத்தின் கம்பிக் காலைத் தொட்டுவிடும். ஒரு பவர் சப்ளை (எஸ்.எம்.பி.எஸ்.) போர்டை அப்படித்தான் புகைய விட்டேன். நான் வாங்கியதில் முனைக்கு ஒரு தொப்பி உண்டு. அதைப் போட்டால் 4 மில்லிமீட்டர் உலோகம்தான் வெளியே தெரியும். வீட்டு மின் இணைப்புகள் பிரியும் டி.பி. பெட்டிக்குள் முனை சறுக்கி இரண்டு ஃபேஸை ஒன்றாகத் தொட்டுவிட்டால் வெடித்துத் தீப்பொறி முகத்தில் அடிக்கும், அதற்குத்தான் இந்த ஏற்பாடு. தொப்பியோடு கேட் 3, கழற்றினால் கேட் 2 என்று கைப்பிடியிலேயே எழுதியிருக்கிறது; எந்த இடம் வரை அளக்கலாம் என்ற பாதுகாப்பு வகை அது, 3 என்றால் டி.பி. பெட்டி வரை, 2 என்றால் பிளக் பாயிண்ட் வரை. பிளக் பாயிண்ட் குழிக்குள் தொப்பியோடு எட்டாது என்பதால், அங்கே மட்டும் கழற்றிக்கொள்கிறேன்.

அறுநூற்று ஐம்பது ரூபாய். மீட்டரே முந்நூறுதான். வீட்டில் கேட்டார்கள், நான் வாயைத் திறக்கவில்லை.

இப்போது எந்த வீட்டுக்குப் போனாலும், முதலில் கரண்ட் இருக்கிற ஒரு பிளக்கில் வைத்து 230 பக்கத்தில் வருகிறதா என்று பார்க்கிறேன். அப்புறம் வேலை செய்யும் இடத்தில். அப்புறம் மறுபடி அதே பிளக்கில். அறுந்த ஜோடியில் சிவப்பு ஒயர் மட்டும் பிழைத்திருந்தது. முனையில் ஒரு குரோக்கடைல் கிளிப்பைச் சால்டர் செய்து, பேட்டரி டெஸ்டுக்கு வைத்திருக்கிறேன்.