கணக்கில் வராத பிணம்

எம்.ஏ. கடைசி செமஸ்டரில் ப்ராஜெக்ட் தலைப்பு கேட்டார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த அப்பாவோ அம்மாவோ கொலையாளியாக மாறும் கதைகள் என்று எழுதிக் கொடுத்தேன். விடிய விடிய க்ரைம் தொடர் பார்க்கிற பழக்கத்துக்கு நாலு மார்க்காவது தேறட்டுமே என்ற நப்பாசைதான். மேடம் தாளை ஒரு பார்வை பார்த்தார். "தொடரெல்லாம் இருக்கட்டும்மா, ஹியரோனிமோ எங்க?" என்றார். 'தி ஸ்பானிஷ் டிராஜெடி' என்ற பழைய ஆங்கில நாடகத்தின் நாயகன். இளங்கலையில் நோட்ஸை மனப்பாடம் செய்து பாஸ் பண்ணிய நாடகம். பெயர் ஞாபகம் இருந்தது, ஆள் ஞாபகத்தில் இல்லை.

இதே மாதிரித் தலைப்பு எடுப்பவர்களுக்கும், நெட், டி.ஆர்.பி. தேர்வுகளுக்குப் பழிவாங்கும் நாடகங்களைப் படிப்பவர்களுக்கும் உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் நான் சொதப்பிய இடம். முதல் அத்தியாயம் முழுக்க மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969-இல் ஒரு புத்தகத்தில் சொன்ன ஐந்து நிலைகள்: மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு. 'கோபம்' என்ற இரண்டாம் நிலையில் தகப்பன் கத்தியை எடுக்கிறான் என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தேன். மேடம் மூலைக்கு மூலை ஒரு கோடு இழுத்தார். அந்தம்மா அந்தப் புத்தகத்துக்காகப் பேசியது சாகக்கிடந்த நோயாளிகளோடு. பிள்ளையை இழந்தவர்களுக்கும் அந்த நிலைகளைப் பொருத்தியது பிறகு நடந்தது. அதைவிடப் பெரிய கோளாறு, அந்த அத்தியாயத்தில் பாத்திரத்தின் பெயரை மாற்றிப் போட்டாலும் ஒரு வரிகூட மாறாது. "நாடகத்தைப் படிச்சியா, இல்லையா?" என்று கேட்டார். படிக்கவில்லை. அன்று இரவுதான் முதல்முறையாக முழுசாகப் படித்தேன்.

தாமஸ் கிட் எழுதிய 'தி ஸ்பானிஷ் டிராஜெடி'யின் ஹியரோனிமோ சாதாரண அப்பா இல்லை. ஸ்பெயின் அரசவையின் நீதி அதிகாரி. கொலை வழக்கு விசாரித்துத் தூக்குத் தண்டனை கொடுப்பது அவருடைய அன்றாட வேலை. ஒரு ராத்திரி அலறல் கேட்டு இரவு உடையோடு தோட்டத்துக்கு ஓடுகிறார். கொடிப்பந்தலில் ஒரு பிணம் தொங்குகிறது. அறுத்து இறக்கிய பிறகுதான் அது மகன் ஹொரேஷியோ என்று தெரிகிறது. மகனுடைய ரத்தம் தோய்ந்த கைக்குட்டையை எடுத்து வைத்துக்கொள்கிறார். கொன்றவர்கள் லொரென்ஸோவும் பால்தசாரும். ஒருவன் அரசனின் தம்பி மகன், மற்றவன் போர்ச்சுகல் இளவரசன். அரசனிடம் முறையிடப் போனால் லொரென்ஸோவே குறுக்கே வந்து மறிக்கிறான். ஊருக்கெல்லாம் நீதி சொல்கிறவருக்குத் தன் வழக்கைக் கொடுக்க ஓர் இடம் இல்லை.

இதுவரைக்கும் எல்லோரும் எழுதுவார்கள். மார்க் இருப்பது மூன்றாம் அங்கத்தின் மனு காட்சியில். ஊர்க்காரர்கள் சிலர் மனுவோடு வருகிறார்கள். பின்னால் ஒரு கிழவர், பஸுல்டோ. அவர் பிள்ளையையும் யாரோ கொன்றுவிட்டார்கள். பேச நா எழவில்லை, தாளை நீட்டிக்கொண்டு நிற்கிறார். ஹியரோனிமோவுக்கு மனசு இளகி, "கண்ணைத் துடைத்துக்கொள்ளுங்கள்" என்று கைக்குட்டையை எடுத்து நீட்டப் போகிறார். கையில் வந்தது அந்த ரத்தக் கைக்குட்டை. அப்புறம் நடப்பதுதான் விசேஷம். மற்றவர்களின் மனுக்களைப் பல்லால் கிழித்துப் போடுகிறார். கடன் பத்திரம், குத்தகைச் சீட்டு, அதெல்லாம் அவர்களுடைய வாழ்க்கை. நீதி கிடைக்காத நீதிபதி, தன்னிடம் நீதி கேட்டு வந்தவர்களின் தாளைக் கிழிக்கிறார். இன்னும் ஒருவரையும் கொல்லவில்லை. ஆனால் வில்லன் இங்கேயே பிறந்துவிட்டான் என்று நான் எழுதினேன். இன்றைக்கும் அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

கடைசியில் அரண்மனைக்குள்ளேயே ஒரு நாடகம் போடுகிறார். பால்தசாரும் லொரென்ஸோவும் அதில் நடிகர்கள், அவர்களைப் பெற்றவர்கள் பார்வையாளர்கள். மேடையில் விழுவது உண்மைப் பிணம் என்று தெரியாமல் ரசித்துக்கொண்டிருக்கிறார்கள். ஹியரோனிமோ லொரென்ஸோவைக் குத்துகிறார். லொரென்ஸோவின் சகோதரியும் ஹொரேஷியோவின் காதலியுமான பெல்-இம்பீரியா பால்தசாரைக் குத்திவிட்டுத் தன்னையும் மாய்த்துக்கொள்கிறாள். கணக்கு தீர்ந்ததா? தீர்ந்தது. பிடித்து விசாரிக்கும்போது நாக்கைக் கடித்துத் துப்புகிறார். எழுதிக் காட்டு என்கிறார்கள். பேனா முனையைச் சீவக் கத்தி வேண்டும் என்று சைகை காட்டுகிறார். அந்தச் சின்னக் கத்தியால் காஸ்டில் பிரபுவைக் குத்திவிட்டுத் தானும் சாகிறார்.

காஸ்டில் யார்? லொரென்ஸோவின் அப்பா. ஹொரேஷியோ கொலையில் அவருக்குக் கையும் இல்லை, காதும் இல்லை. ஒரே மாலையில் மகனையும் மகளையும் இழந்து நிற்கிற மனிதர். பிள்ளையை இழந்த ஓர் அப்பா, பிள்ளைகளை இழந்த இன்னோர் அப்பாவைக் கொல்கிறார்.

என் ப்ராஜெக்ட் முழுக்க இந்த ஒரு பிணத்தின் மேல்தான் நின்றது. அதற்குக் 'கணக்கில் வராத பிணம்' என்று பெயர் வைத்துக்கொண்டேன். இந்த வகை வில்லன் எந்தக் கதையில் வந்தாலும் அதைத் தேடுங்கள். கிரேக்க நாடகாசிரியர் யூரிப்பிடிஸின் ஹெக்குபாவை, டிராய் நகரத்து ராணியை, எடுத்துக்கொள்ளுங்கள். பத்திரமாகப் பார்த்துக்கொள்வான் என்று நம்பிப் பொன்னோடு அனுப்பிய கடைசி மகனை, பொன்னுக்காகவே கொன்றுவிடுகிறான் திரேஸ் நாட்டு அரசன் பாலிமெஸ்டார். அவள் அவன் கண்களைக் குத்தியதோடு நிற்கவில்லை, கூட வந்த அவனுடைய இரண்டு சிறுவர்களும் கூடாரத்துக்குள் செத்துக் கிடக்கிறார்கள். 1980-இல் வந்த 'ஃப்ரைடே தி தர்ட்டீன்த்' படத்தில் பமேலா வூர்ஹீஸ், கோடை முகாமில் மகன் ஜேசன் ஏரியில் மூழ்கியபோது கவனிக்காமல் இருந்தவர்கள் மேல் கோபப்படுகிறாள். சரி. ஆனால் இருபது வருஷம் கழித்து அவள் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்க் கொல்கிற ஆனி, முகாமில் குழந்தைகளுக்குச் சமைக்கலாம் என்று ஆசையாக வந்த பெண். அந்த ஏரியையே இன்னும் பார்க்காதவள். (முதல் படத்தின் கொலையாளி ஜேசன் என்று எழுதிவிடாதீர்கள். 1996-இல் வந்த 'ஸ்க்ரீம்' படத்தில் போனில் இதே கேள்விக்குத் தப்பாகப் பதில் சொல்லித்தான் ஒருத்தி காதலனைப் பறிகொடுக்கிறாள். நமக்கு ஒரு மார்க்தான் போகும்.)

ஒரு வரி வினாக்களுக்குக் கொஞ்சம். 1592-இல் 'தி ஸ்பானிஷ் டிராஜெடி' லண்டனில் ஓடியதற்கு நாடக அரங்கு நடத்திய ஹென்ஸ்லோவின் கணக்கேடு சாட்சி. பழைய பதிப்புகளில் ஆசிரியர் பெயர் கிடையாது, 1612-இல் நாடகாசிரியர் தாமஸ் ஹேவுட் சொன்னதை வைத்துத்தான் கிட் என்கிறோம். ஓவியன் வரும் காட்சி 1602 பதிப்பில் சேர்த்தது, அதைக் கிட்டின் கணக்கில் எழுதாதீர்கள்.

வைவா என்கிற வாய்மொழித் தேர்வுக்கு வருவோம். எக்ஸ்டர்னல் சார் பைண்டிங்கைப் புரட்டிக்கொண்டே அமைதியாகக் கேட்டார்: "காஸ்டில் ஒண்ணும் தெரியாத அப்பாவின்னு சொல்றீங்க. ஆந்த்ரேயாவோட ஆவி கடைசியில அவரை நரகத்துக்குத்தானே அனுப்புது?" எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. உண்மைதான். ஆந்த்ரேயா, கதை தொடங்கும் முன்பே போரில் செத்துப்போனவன். பெல்-இம்பீரியாவோடு தனக்கிருந்த காதலுக்குக் காஸ்டில் குறுக்கே நின்ற கோபத்தில், கிரேக்கப் புராணத்து நரகத்தில் கழுகு கொத்தும் டிட்யஸை விடுவித்துவிட்டு அந்த இடத்தில் காஸ்டிலைப் போடச் சொல்கிறது ஆவி. நாடகத்தின் முடிவுரையை நான் வேகமாகப் புரட்டியிருந்தேன். ஏதோ உளறிவிட்டு வந்தேன். அது ஆந்த்ரேயாவின் பகை, ஹியரோனிமோவுக்கு அதில் பங்கில்லை, ஆகவே கத்திக்கு இன்னமும் காரணம் கிடையாது என்ற பதில் பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்த பிறகுதான் தோன்றியது. நீங்கள் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

வெளியே வரும்போது மேடம் இன்னொன்று கேட்டார். "அம்மாவை விட்டுட்டியேம்மா?" இஸபெல்லா. ஹியரோனிமோவின் மனைவி. புருஷன் நாள் கடத்துகிறாரே என்று புலம்பி, மகன் தொங்கிய அந்தப் பந்தலைத் தன் கையாலேயே வெட்டிச் சாய்த்துவிட்டுத் தன்னைக் குத்திக்கொள்கிறாள். யாரையும் கொல்லாததால் என் நூற்றுச் சொச்சம் பக்கத்தில் அவளுக்கு ஓர் அடிக்குறிப்புகூட இல்லை. தலைப்பு தேடிக்கொண்டிருக்கிறவர்கள் யாராவது இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.