கொரோலாவின் கியர் ஒயிலை வீட்டு முற்றத்தில் மாற்றிய கதை

மார்கழி தொடங்கின நாளில் இருந்து எங்கள் கொரோலா விடியக்காலையில் இரண்டாவது கியருக்கு விழ மறுத்தது. 1998ஆம் ஆண்டு 110 ரகக் கொரோலா, ஐந்து கியர் மனுவல். யாழ்ப்பாணம் கோண்டாவிலில் எங்கள் ஒழுங்கையால் வெளிக்கிட்டு பலாலி வீதியில் ஏறி இரண்டாவதுக்குத் தட்டினால் கிறீச்சென்று ஒரு சத்தம், பல்லைக் கூசும். திருநெல்வேலிச் சந்தி தாண்டி கியர்பொக்ஸ் சூடானதும் ஒன்றும் நடக்காததுபோல வழுக்கிக்கொண்டு விழும். முன்பு வாகன வேலை செய்த மச்சான் இப்போது வெளிநாட்டில் இருக்கிறான், போனில் இதைச் சொன்னதும் அவன் கேட்ட முதல் கேள்வி, "கடைசியா எப்ப கியர் ஒயில் மாத்தினனீ?"

என்னிடம் பதில் இல்லை. கார் என் கைக்கு வந்து ஏழு வருடம், எஞ்சின் ஒயிலை 5000 கிலோமீற்றருக்கு ஒருதடவை தவறாமல் மாற்றியிருக்கிறேன், கியர்பொக்ஸை ஒருநாளும் தொட்டதில்லை. தொட வேண்டும் என்று யாரும் சொன்னதும் இல்லை.

சத்தம் ஏன் குளிரில் மட்டும் வருகிறது என்று மச்சான் விளங்கப்படுத்தினான். கியர் மாற்றும்போது வெவ்வேறு வேகத்தில் சுழலும் இரண்டு பாகங்களை ஒரே வேகத்துக்குக் கொண்டுவருவது சிங்க்ரோ வளையம். பித்தளையில் செய்த மெல்லிய வளையம், உரசித்தான் வேலை செய்யும். உரச வேண்டுமென்றால் இடையில் நிற்கிற ஒயில் ஒரு கணத்தில் விலகிக் கொடுக்க வேண்டும். ஒயில் தடித்துக் கிடந்தால் விலகப் பிந்தும், அதற்குள் நாங்கள் கியரைத் தள்ளிவிடுகிறோம், பல்லோடு பல் மோதுகிறது. வளையம் தேய்ந்து போயிருந்தாலும் இதே சத்தம்தான். ஆனால் வளையம் மாற்ற கியர்பொக்ஸையே இறக்க வேண்டும், ஒயில் மாற்ற இரண்டு போத்தல் போதும். ஆகவே முதலில் ஒயில்.

காரோடு வந்த கைநூலில் ஒயிலின் தடிப்பு 75டபிள்யூ-90 என்றும், தரம் ஜீஎல்-4 அல்லது ஜீஎல்-5 என்றும், அளவு 1.9 லீற்றர் என்றும் இருந்தது. ஸ்ரான்லி வீதியில் ஏறின முதல் கடையில் வெறும் 90 என்று எழுதின போத்தலை எடுத்து வைத்து "எல்லாத்துக்கும் இதைத்தான் விடுறவை" என்றார்கள். எனக்கு மனம் கேட்கவில்லை. 75டபிள்யூ என்ற பகுதிதான் குளிரில் ஒயில் இளக்கமாக இருக்கும் என்பதைச் சொல்வது, என் காரின் பிரச்சினையே குளிரில்தான். ஜீஎல்-5 என்பது பின்பக்க டிஃபரன்ஷலில், அதாவது பின் சில்லுகளுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கிற பாகத்தில், ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி ஓடும் பற்களுக்காக கந்தகமும் பொஸ்பரசும் சேர்ந்த மருந்தைக் கூடுதலாகப் போட்ட ஒயில். சில வகைகளில் அந்த மருந்து பித்தளையை அரிக்கும் என்பார்கள். கைநூல் இரண்டையும் அனுமதித்தாலும், முன்சில்லு இழுக்கும் என் காரில் அப்படிப்பட்ட பற்கள் இல்லாதபோது எதற்கு அது என்று தேடி, மூன்றாவது கடையில் ஜீஎல்-4 எடுத்தேன், ஒரு லீற்றர் போத்தல் இரண்டு. கியர்பொக்ஸின் ஒயில் துளைகளை மூடுகிற பிளக்குகளுக்குப் புது வொஷர் இரண்டு, ஒரு முழத்துக்கு மேல் நீளமான தெளிந்த பிளாஸ்ரிக் குழாய் ஒன்று, அதற்குப் பொருந்தும் புனல். இவ்வளவுதான் செலவு.

ஒயில் சூடாக இருந்தால்தான் அடியில் படிந்ததையும் இழுத்துக்கொண்டு வடியும் என்று ஞாயிறு காலை நல்லூர் வரை ஒரு சுற்று ஓடிவிட்டு வந்து முற்றத்தில் நிறுத்தினேன். எங்கள் பக்கத்து மண் செம்மண், மழை பெய்திருந்தால் ஜக் அப்படியே கீழே இறங்கும். அதனால் பழைய பனைமரத் துண்டு நாலை அடியில் போட்டு, அதன்மேல் ஜக் வைத்து உயர்த்தி, நாலு பக்கமும் காரைத் தாங்கி நிற்கிற ஸ்ராண்ட் கொடுத்தேன். முன்பக்கத்தை மட்டும் உயர்த்தினால் கார் சரிந்து நிற்கும், ஒயில் மட்டம் பிழைக்கும், நாலும் உயர வேண்டும். ஜக்கை மட்டும் நம்பி ஒருவரும் காருக்குக் கீழே போகாதீர்கள், தயவுசெய்து. உயர்த்தியபின் தோளால் நல்லாகத் தள்ளிப் பார்த்து, அசையவில்லை என்று தெரிந்த பிறகுதான் சாக்கை விரித்துக் கீழே போனேன்.

இடப்பக்க முன் சில்லுக்கு உள்ளே கியர்பொக்ஸ். அதில் இரண்டு பிளக், கீழே வடிப்பதற்கு, பக்கத்தில் சற்று மேலே ஊற்றுவதற்கு. இரண்டும் 24 மில்லிமீற்றர் சாவிக்குரியவை. மச்சான் மூன்றுதரம் சொன்னது ஒரே விஷயம்: "மேல் பிளக்கைக் கழட்டிப்போட்டுத்தான் கீழதைத் தொடு." கீழே வடித்துவிட்டு மேலது கழராவிட்டால் ஒயில் ஊற்ற வழி இல்லை, கார் முற்றத்தில் இருந்து அசையவும் முடியாது.

அவன் சொன்னது எவ்வளவு பெரிய விஷயம் என்று பத்து நிமிடத்தில் தெரிந்தது. மேல் பிளக் அசையவே இல்லை. எனக்கு முன்னர் யாரோ பொருத்தமில்லாத சாவியால் இழுத்து அதன் மூலைகளை மழுக்கி வைத்திருந்தார்கள். அதைப் பார்த்ததும் வந்த கோபம் இன்னும் போகவில்லை, ஏனென்றால் சரியான சாவி வாங்குகிற காசு பெரிய காசு இல்லை. என்னிடம் இருந்த பன்னிரண்டு முனைச் சொக்கற் இரண்டுதரம் வழுக்கியது. மூன்றாவதுதரம் வழுக்கினால் பிளக் உருண்டையாகிவிடும் என்று நிறுத்திவிட்டேன். துருப்பிடித்த நட்டுக்கு அடிக்கிற ஸ்பிறேயைச் சுற்றிவர அடித்து, கார் அப்படியே நிற்க விட்டு, பக்கத்து ஒழுங்கையில் வேலை செய்கிற ஒரு அண்ணையிடம் ஆறுமுனைச் சொக்கற் இரவல் கேட்டேன். "பன்னிரண்டைப் போட்டு இழுத்துப்போட்டு வராதையும் தம்பி, ஆறுதான் பக்கத்தைப் பிடிக்கும், மற்றது மூலையைத்தான் பிடிக்கும்" என்று தந்தார்.

திங்கள் விடுமுறை. காலையில் மறுபடி ஸ்பிறே, பிளக்கின் தலையில் சுத்தியலால் மெதுவாக நாலைந்து தட்டு, ஆறுமுனைச் சொக்கற், கைப்பிடியில் மூன்றடி இரும்புக் குழாய். இழுக்கும்போது வெட்டி இழுக்காமல் பாரத்தை மெல்ல மெல்லக் கூட்டினேன். 'டக்' என்று ஒரு சத்தம். பிளக் உடைந்துவிட்டது என்றே நினைத்தேன். கழன்றிருந்தது. வெறும் 24 பிளக் ஒன்று கழன்றதற்கு ஒரு மனிதன் அவ்வளவு சந்தோஷப்படலாம் என்று எனக்கு அதுவரை தெரியாது.

கீழ் பிளக் சிரமம் தரவில்லை. சமையலுக்கு உதவாத பழைய தாச்சியை வைத்து வடித்தேன். கறுப்பு, கெட்ட மணம், விரலில் தேய்த்து வெயிலில் பிடித்தால் பித்தளை நிறத்தில் மினுமினுப்பு. அது சிங்க்ரோ வளையத்தின் தூள்தான். அரை மணித்தியாலம் சொட்டுச் சொட்டாக விழ விட்டு, பிறகு வெறும் போத்தல்களில் அளந்து ஊற்றினேன். ஒன்றரை லீற்றர்கூட வரவில்லை. 1.9 இருக்க வேண்டிய இடம். அந்த மிச்சம் எங்கே போனது என்று ரோச் அடித்துத் தேடினால், சில்லைச் சுழற்றுகிற இடப்பக்க அக்சில் தண்டு கியர்பொக்ஸுக்குள் நுழைகிற இடத்தில் செம்மண் தூசி ஒரு விரல் தடிப்பில் ஒயிலோடு ஊறிக் கட்டிப்பட்டிருந்தது. அந்த இடத்தில் ஒயில் வெளியே வராமல் அடைத்து நிற்கிற வளையமான ஒயில் சீல் கசிகிறது. நிலத்தில் ஒரு சொட்டுக்கூட விழாதபடியால் இத்தனை வருடமாக எனக்குத் தெரியவில்லை, விழுகிறதை எல்லாம் தூசி குடித்திருக்கிறது. ஒயிலை அளந்து பார்க்காமல் ஊற்றியிருந்தால் இன்றும் தெரிந்திராது.

கீழ் பிளக்கைப் புது வொஷரோடு பூட்டினேன். கியர்பொக்ஸின் உடல் அலுமினியம், பலத்தைக் காட்டினால் மரை போய்விடும், கையால் முழுதும் சுற்றிவிட்டுச் சாவியால் அளவாக இறுக்கினால் போதும். பொனற்றுக்கு மேலிருந்து குழாயை இறக்கி, நுனியை மேல் துளைக்குள் விட்டு, புனலில் ஊற்றினேன். கியர் ஒயில் தேன் மாதிரி இறங்கும், அவசரப்படக் கூடாது. மகனைச் சில்லுப் பக்கம் துளையைப் பார்க்க இருத்தியிருந்தேன். இரண்டாவது போத்தல் முடியப்போகிற நேரத்தில் "அப்பா, வருகுது, நிப்பாட்டுங்கோ!" என்று கத்தினான். துளையின் விளிம்பு வரை வந்து மெல்லக் கசிந்தால் மட்டம் சரி. போத்தலின் அடியில் கொஞ்சம் மிஞ்சியது.

பழைய ஒயிலைப் பார்த்துவிட்டு பக்கத்து வீட்டு ஐயா கறையானுக்கு வேலித்தூணில் பூசக் கேட்டார். இங்கே காலம் காலமாகச் செய்கிறதுதான். நான் கொடுக்கவில்லை. குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு ஒன்று இல்லை, குடிக்கிறது பெரும்பாலும் கிணற்றுத் தண்ணீர், கீழே சுண்ணாம்புக்கல், மேலே ஊற்றுகிறது வெடிப்புகளால் இறங்கி விரைவாகத் தண்ணீரில் சேரும். 2014, 2015 காலத்தில் சுன்னாகத்தைச் சுற்றிக் கிணறுகளில் எண்ணெய் கலந்து சனம் பவுசர் வண்டியில் வந்த தண்ணீருக்குப் பாத்திரத்தோடு நின்றதை நான் கண்ணால் கண்டவன், அவரும் கண்டவர்தான். அதைச் சொன்னதும் ஐயா பிறகு கேட்கவில்லை. போத்தல்களை மூடி, கழிவு ஒயில் பரல் வைத்திருக்கிற கராஜ் ஒன்றில் கொண்டுபோய்க் கொடுத்தேன், சொக்கற்றைத் திருப்பிக் கொடுக்கப் போகிற வழியில்.

செவ்வாய் விடிய பனி நல்லாக இருந்தது. பலாலி வீதியில் ஏறி இரண்டாவதுக்குப் போட்டேன், விழுந்தது. முழுக்கச் சத்தமில்லை என்று சொல்ல மாட்டேன், அவசரமாகத் தள்ளினால் இன்னும் லேசாக உரசுகிறது. வளையம் தேய்ந்த அளவு தேய்ந்ததுதான், அதை ஒயில் திருப்பித் தராது. ஆனால் மூன்றாவதும் நாலாவதும் இப்படி இளகி விழும் என்று இந்த ஏழு வருடத்தில் எனக்குத் தெரியாது.

சீல் ஒன்று வாங்கி அலுமாரியில் வைத்திருக்கிறேன். மச்சான் நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறான், அக்சிலை இழுக்க இரண்டு பேர் வேண்டும். அதுவரை மாதம் ஒருதடவை மேல் பிளக்கைக் கழற்றி விரலை விட்டு மட்டம் பார்க்கிறேன், இப்போது அது லேசாகக் கழர்கிறது.