லேன் ஓரம் ஸ்டாப்வாட்ச்சோடு நிற்கப் போகிறவர்களுக்கு

பிள்ளைகளின் நீச்சல் போட்டியில் நேரம் எடுக்க உதவ வரும் பெற்றோர்களே, ஹாரன் சத்தத்துக்கு வாட்ச்சை அழுத்தாதீர்கள். ஸ்டார்ட் விளக்கு மின்னுவதைப் பார்த்து அழுத்துங்கள். சென்னை வேளச்சேரி நீச்சல் குளம் மாதிரி 50 மீட்டர் குளத்தில் 50 மீட்டர் பந்தயம் எதிர்முனையில்தான் தொடங்கும். சத்தம் உங்கள் காதுக்கு வர ஏறக்குறைய 0.15 விநாடி பிடிக்கும். ஒரு லேனில் விளக்கையும் பக்கத்து லேனில் சத்தத்தையும் நம்பினால், தோற்க வேண்டிய பிள்ளை ஜெயித்துவிடும். இது பெரிய அநியாயம்.

முடிக்கும்போது விளிம்புக்கே வந்து நேராகக் கீழே பாருங்கள். உடம்பில் எது சுவரைத் தொட்டாலும் நிறுத்துங்கள். பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கில் இரண்டு கையும் தொட்டதா என்று பார்ப்பது நடுவர் வேலை.

லேனுக்கு மூன்று வாட்ச். இரண்டு ஒத்துப்போனால் அதுவே நேரம். மூன்றும் வேறுபட்டால் நடுவில் உள்ளது. ஒன்று பழுதானால் மற்ற இரண்டின் சராசரி. எழுதி முடிக்கும் முன் ரீசெட் அழுத்திவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. பென்சிலால் எழுதுங்கள், ஈரத்தில் பேனா மை கரையும். ஸ்டார்ட்டைத் தவறவிட்டால் உடனே கையைத் தூக்குங்கள். தலைமை டைம்கீப்பரிடம் ஓடிக்கொண்டிருக்கும் உபரி வாட்ச்சை வாங்கிக்கொள்ளலாம்.

சின்னப் பிள்ளைகளின் கையில் ஹீட் (எத்தனையாவது குழுவில் நீந்துகிறார்கள் என்பது), லேன் எண்களை சன்ஸ்கிரீன் தடவும் முன்பே எழுதிவிடுங்கள். தடவிய பிறகு மை ஒட்டாது.