அப்பன் இல்லாத வாழை

பாடசாலை மலருக்கு எழுதச் சொன்னால் எல்லாரும் கிரிக்கெட் மட்சையும் விடுதிச் சாப்பாட்டையும் எழுதுவார்கள். எனக்குத் தாவரவியல் ஆய்வுகூடம்தான் நினைவு.

உயர்தர வகுப்பில் இழையுருப்பிரிவுப் பரிசோதனை, அதாவது ஒரு கலம் (செல்) தன்னைப்போலவே இரண்டாகப் பிரிவதைப் பார்ப்பது. தண்ணீர்ப் போத்தல் வாயில் இருத்திய வெங்காயம் வேர்விட்டதும் நுனியை நறுக்கி, ஐதான அமிலத்தில் சூடுகாட்டி, சாயமூட்டி, கவர்சிலிப்பை வைத்துப் பெருவிரலால் நசிக்க வேண்டும். நுணுக்குக்காட்டியில் அநேகமான கலங்களில் உருண்டைக் கருதான் தெரியும். கண்ணாடி வழுக்கியை மெல்ல நகர்த்திக்கொண்டு போனால் திடீரென்று ஒரு கலத்தில் சிவப்பு நூல்கள் இரு பக்கமாக இழுபட்டுக்கொண்டிருக்கும். அந்த நூல்கள்தான் நிறமூர்த்தங்கள் (குரோமோசோம்). வெங்காயத்துக்கு நிறமூர்த்தம் 16. பிரிந்தபின் இரண்டு கலத்திலும் அதே 16. நசித்தது பிழைத்தால் ஒன்றின்மேல் ஒன்று கிடக்கும், எண்ணவே ஏலாது.

நிறமூர்த்தம் பாதியாகி இனப்பெருக்கக் கலம் உண்டாகும் ஒடுக்கற்பிரிவைப் படிப்பிக்க சேர் எங்களை விடுதிக்குப் பின்னால் நின்ற வாழையடிக்குக் கூட்டிப்போனார். “இந்த வாழைக்கு அப்பன் ஆர்?” என்று கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

நாங்கள் சாப்பிடும் வாழைகளில் பெரும்பாலானவற்றுக்கு நிறமூர்த்தம் 33, அதாவது 11 கொண்ட தொகுதி மூன்று. புணரி, அதாவது அந்த இனப்பெருக்கக் கலம், உண்டாக ஒத்த நிறமூர்த்தங்கள் சோடி சேர்ந்து பிரிய வேண்டும். மூன்று பேர் நின்றால் எப்படிச் சோடி சேர்வது? பங்கீடு குழம்பும், மகரந்தமும் சூலும் பழுதாகும், விதை வராது. கருக்கட்டாமலே காய் பருக்கும். கிழங்கிலிருந்து வரும் குட்டி வெறும் இழையுருப்பிரிவின் பிள்ளை, தாயின் அச்சு. பாடப்புத்தகம் இரண்டு அத்தியாயமாக வைத்திருந்ததை அந்த மனுசன் ஒரு வாழைப் பத்தையில் முடித்துவிட்டார்.

பனை நேர்மாறு. குட்டி வைக்காது, விதையொன்றே வழி. ஆண்பனையா பெண்பனையா என்று பார்க்க 12, 15 வருடமாவது காத்திருக்க வேண்டும்.

இங்கே ரொறன்ரோக் கடைகளில் அடுக்கியிருப்பது கவெண்டிஷ் என்ற வாழையினம். அதற்கு முன் உலகச் சந்தையை ஆண்ட குரோ மிஷேல் வாழையை பனாமா வாடல் நோய் 1950களில் தோட்டம் தோட்டமாக அழித்தது. எல்லாம் ஒரே அச்சு, ஒன்றுக்கு வந்தால் எல்லாவற்றுக்கும்தான். இப்போது அந்நோயின் புது வகை கவெண்டிஷையும் தாக்குகிறது. 2019இல் கொலம்பியாவரை வந்துவிட்டது. புது இனம் ஆக்கலாமென்றால் விதைக்கு எங்கே போவது? ஹொண்டூராஸில் கையால் மகரந்தம் தடவி, குவியல் குவியலாகப் பழத்தைப் பிசைந்து வடித்து, அருமையாக அகப்படும் ஒன்றிரண்டு விதையைத் தேடுகிறார்கள். அப்படிப் பிறந்த கோல்ட்ஃபிங்கர் வாழைக்கு அப்பன் ஆரென்று சொல்லலாம். இங்குள்ள கடைகளில்தான் நான் அதை இன்னும் காணவில்லை.