சுவர் இன்னும் காயலை

நேற்று ராத்திரி சித்தியை நிம்மதியாக அழக்கூட விடவில்லை சித்தப்பா.

ஒன்பது மணிக்கே துண்டும் கையுமாக உட்கார்ந்துவிட்டாள் சித்தி. எக்ஸ்ட்ரீம் மேக்ஓவர்: ஹோம் எடிஷன், பழைய எபிசோட். அமெரிக்காவில் ஏபிசி சேனலில் 2003 டிசம்பரில் தொடங்கி 2012-ல் முதல் தடவை மூடிய கடை அது. சித்தியின் கண்ணீருக்கு மட்டும் காலாவதித் தேதி கிடையாது. தொகுப்பாளர் டை பென்னிங்டன் மெகாஃபோனை வாயில் வைத்து ஒரு குடும்பத்தைக் காலங்காத்தாலே எழுப்புவார். அவர்களை ஒரு வாரம் சுற்றுலாவுக்கு அனுப்பிவிட்டு, ஊர்க்காரர்கள் நூற்றுக்கணக்கில் திரண்டு, ஏழே நாளில் வீடு கட்டுவார்கள். கடைசியில் எல்லோரும் சேர்ந்து "மூவ் தட் பஸ்!" என்று கத்த, பஸ் நகரும், வீடு தெரியும், சித்தி துண்டை எடுப்பாள். இதுதான் ஒழுங்கு.

சித்தப்பாவைத்தான் உங்களுக்குத் தெரியுமே. கல்யாண வீட்டில் எல்லோரும் மேடையைப் பார்த்துக்கொண்டிருக்க, அண்ணாந்து பீம் எத்தனை அங்குலம் தொய்ந்திருக்கிறது என்று கணக்குப் போடுகிற மனிதர். ரிமோட் எப்படியோ அவர் கையில் இருந்தது. முதல் நாள் ராத்திரி அஸ்திவாரத்தில் கான்கிரீட் கொட்டினார்கள். மறுநாள் காலை அதன்மேல் மரச்சட்டம் நின்றது. படம் அப்படியே உறைந்தது.

"நிறுத்தாதீங்க," என்றாள் சித்தி.

"நான் எங்கே நிறுத்தினேன்? சிமென்ட்தான் நிறுத்தச் சொல்லுது."

பிறகு வகுப்பு. கான்கிரீட் காய்வது இல்லையாம், தண்ணீரோடு வினை புரிந்து இறுகுவதாம். சாதாரண சிமென்ட் என்றால் ஏழு நாளில் மூன்றில் இரண்டு பங்கு வலு, முழுக்கணக்கு 28 நாளில். ஒரே ராத்திரியில் சுவர் ஏற்ற வேண்டுமானால் சீக்கிரம் வலுவேறும் தனி சிமென்ட் வேண்டும், இல்லாவிட்டால் முடுக்கி மருந்து. மருந்திலேயே மலிவானது கால்சியம் குளோரைடு. சிமென்ட் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கைத் தாண்டக் கூடாது. கம்பி கட்டிய கான்கிரீட்டில் போட்டால் உள்ளே கம்பி துருப்பிடிக்கும், அதனால் அங்கே குளோரைடு கலக்காத மருந்துதான். வேகமாக இறுகினால் சூடும் கூடும், சூடு கூடினால் விரிசல். "ஆயிரம் பேர் வந்தாலும் சிமென்ட்டை அதட்ட முடியாதும்மா" என்று சித்தியிடம் சொன்னார். அவரை அதட்டவும் ஆயிரம் பேரால் முடியாது என்பது சித்தியின் முகத்தில் தெரிந்தது.

பிளே.

அடுத்த உறைதல் அடிச்சட்டத்துக்கு. அமெரிக்க வீடு மரக்கூடு என்பதால் அதை அஸ்திவாரத்தோடு பிடித்துவைப்பது போல்ட்டுதான்: அரை அங்குல கனம், கான்கிரீட்டுக்குள் ஏழு அங்குலம், ஆறு அடிக்கு ஒன்று, ஒவ்வொரு சட்டத்தின் நுனியிலிருந்தும் ஓரடிக்குள் ஒன்று. அவசரத்தில் கான்கிரீட் ஊற்றுகிறவன் வரைபடத்தைப் பார்க்காமல் போல்ட்டை நட்டுவிடுவான். மறுநாள் பார்த்தால் போல்ட் சரியாக வாசற்படி நடுவில் துருத்திக்கொண்டு நிற்கும். "அதை அறுக்கிற காட்சியை மட்டும் காட்டவே மாட்டான் பார்," என்றார். காட்டவில்லைதான்.

இதற்குள் விளம்பர இடைவேளை. பாட்டி பாத்ரூமுக்குக் கிளம்பினாள். வாக்கரைக் குறுக்கே திருப்பி, ஒருக்களித்து, நிலையில் இடித்து, ஒரு வசவை உதிர்த்து, உள்ளே போய் வெளியே வருவதற்குள் விளம்பரம் முடிந்து மூன்றாம் நாள் ஆகிவிட்டது.

நியாயமாகச் சொன்னால், சித்தப்பாவுக்கு அந்த ஆட்கள்மேல் கோபமே கிடையாது. மரம் அறுப்பவன், கூரையின் முக்கோணச் சட்டங்களைத் தரையிலேயே கோத்து கிரேனில் தூக்கிவைப்பவன், ஸ்டட் என்கிற சுவரின் நிற்கும் சட்டத்தைப் பதினாறு அங்குலத்துக்கு ஒன்றாகக் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பவன் எல்லோரையும் பார்த்து "கைகாரன்டா" என்று தொடையைத் தட்டினார். அந்த வேலைகளுக்கு ஆள் கூடக் கூட நேரம் குறையும். ஈரம் சம்பந்தப்பட்ட வேலைக்கு அந்தக் கணக்கு செல்லாது. ஐந்தடிக்கு எட்டடி பாத்ரூமில் ஒரு டைல்ஸ்காரர்தான் மண்டியிட முடியும். மீதி இருநூறு தொண்டர்களும் வெளியே கைதட்டத்தான் வேண்டும். அவர்கள் கைதட்டினால் டைல்ஸ் பசை சீக்கிரம் பிடிக்குமா என்றால், அதற்கும் ஒரு நாள். துரிதப் பசையென்றாலும் இரண்டு மூன்று மணி நேரம் காலை வைக்காமல் இருக்க வேண்டும்.

ஜிப்சம் பலகை மாட்டும் கட்டத்தில் ரிமோட் பட்டனே தேய்ந்திருக்கும். பலகை இணைப்புகளில் பூசுகிற பட்டி இரண்டு வகையாம். வாளியில் குழைத்தே விற்பது காற்றில் காய வேண்டும். பூச்சுக்கு ஒரு நாள் வீதம் மூன்று பூச்சு, மூன்று நாள். ஏழு நாள் வீட்டில் அதற்கு இடமில்லை. அதனால் மாவாக வருகிற வகை: பையிலேயே 5, 20, 45, 90 என்று நிமிஷக் கணக்கு போட்டிருக்கும். தண்ணீர் ஊற்றியதும் கடிகாரம் ஓட ஆரம்பிக்கும். தொண்டர் செய்கிற தப்பு என்னவென்றால், முந்தின கலவை ஒட்டிக்கிடக்கிற வாளியிலேயே அடுத்ததைக் கலக்குவது. பழைய துணுக்கு புதுசை உசுப்பிவிடும். இருபது நிமிஷ மாவு எட்டு நிமிஷத்தில் கல்லாகி, கரண்டியோடு வாளி ஒரு நினைவுச்சின்னம் ஆகிவிடும். இறுகிவிட்டது என்பதால் ஈரம் போய்விட்டது என்றும் அர்த்தமில்லை. மேலே பெயிண்ட் ஏறும்போது உள்ளே ஈரம் அப்படியே உட்கார்ந்திருக்கும்.

"சுவர் இன்னும் காயலை," என்றார் சித்தப்பா.

"என் கண்ணும்தான்," என்றாள் சித்தி.

இதில் எனக்கே பகீரென்றது குழாய் விஷயம். ஸ்டட்டில் துளை போட்டு அதன் வழியாகத்தான் குழாயும் வயரும் போகும். சட்டத்தின் விளிம்பிலிருந்து துளை ஒன்றேகால் அங்குலத்துக்குக் கிட்டே வந்தால் அங்கே ஒரு இரும்புத் தகடு அடிக்க வேண்டும் என்பது அவர்கள் ஊர் விதி. பதினாறில் ஒரு பங்கு அங்குலம் கனம், உள்ளங்கைகூட வராத தகடு. அது விடுபட்ட ஒரே ஒரு இடத்தைத்தான், நல்ல மனசும் பேட்டரி டிரில்லும் மட்டுமே வைத்திருக்கிற ஒரு தொண்டர் தேடிப்பிடித்துத் திருகாணி ஏற்றுவார். குழாயில் தண்ணீர் விடும்வரை யாருக்கும் தெரியாது. சில சமயம் தண்ணீர் விட்டாலும் தெரியாது. திருகாணியே அடைத்துக்கொண்டிருக்கும், துருப்பிடித்த பிறகுதான் கசியும். அதற்குள் டிவிக்காரர்கள் மூன்று மாநிலம் தாண்டிப் போயிருப்பார்கள். இதற்காகத்தான் பலகையால் மூடுவதற்கு முன் இன்ஸ்பெக்டர் வந்து வயர், குழாய், சட்டம் மூன்றையும் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். ஏழு நாள் வீட்டில் அந்த மனிதர் நடுராத்திரியிலும் வந்தாக வேண்டும். "நிகழ்ச்சியோட ஹீரோவே அவர்தான். ஒரு குளோசப் உண்டா?"

சித்தி சேனலை மாற்றப் பார்த்தாள். அது இன்னும் ஆபத்து. பிரிட்டிஷ் நிகழ்ச்சிகள் என்றால் சித்தப்பா ரசிகராகவே ஆகிவிடுவார். பிபிசியில் 1989-ல் ஆரம்பித்த சேலஞ்ச் அனெக்கா அவருக்கு வேதம். அனெக்கா ரைஸ் ஜம்ப்சூட்டை மாட்டிக்கொண்டு, பொருளுக்கும் ஆளுக்கும் ஊரெல்லாம் கெஞ்சி, கெடுவுக்குள் வேலையை முடிப்பார். 1990-ல் ருமேனியாவின் சிரெத் ஊர் அநாதை விடுதி வரைக்கும் போனார்கள். பிறகு நிக் நோல்ஸ் தொகுத்து வழங்கிய, தொண்டர்கள் வீடு சீரமைக்கிற டிஐஒய் எஸ்ஓஎஸ். 2015-ல் மான்செஸ்டரில் முன்னாள் படைவீரர்களுக்காக ஒரு தெருவையே எடுத்துக்கட்டினார்களே, இளவரசர்கள் வில்லியமும் ஹாரியும் வந்து கைகொடுத்தார்களே, அது. சித்தப்பாவுக்கு இளவரசர்கள் முக்கியமில்லை. அங்கே சுவருக்கு ஜிப்சம் பூச்சு, ஈரமாக இருக்கும்போது கரும்பழுப்பு, காய்ந்ததும் வெளிர் இளஞ்சிவப்பு. திட்டுத் திட்டாகத் தெரிகிற கறுப்பு மறைகிறவரை பிரஷ்ஷைத் தொடக் கூடாது. காய்ந்த பிறகும் முதல் பூச்சுக்குத் தண்ணீர் கலந்து நீர்த்த பெயிண்ட். அவசரப்பட்டு வினைல் பெயிண்டை நேராக அடித்தால், மூன்று மாதம் கழித்து முட்டைத் தோடு மாதிரி தாள்தாளாக உரியும். இளவரசர் அடித்தாலும் உரியும்.

டிவி இல்லாமலும் இந்தப் பந்தயம் நடக்கிறது என்பது அவருடைய அடுத்த கிளைக்கதை. ஹாபிடட் ஃபார் ஹ்யுமானிட்டி என்கிற தொண்டு நிறுவனம் 1976-லிருந்து வீடு கட்டுகிறது. ஜிம்மி கார்ட்டர் அமெரிக்க அதிபர் பதவி முடிந்தபின், 1984-ல் நியூயார்க்கில் ஒரு பாழடைந்த ஆறு மாடிக் கட்டடத்தில் சுத்தியலோடு இறங்கினார். அப்புறம் வருஷத்துக்கு ஒரு வாரம் அதுவே வழக்கமாகிவிட்டது. அங்கே குடியேறப்போகிற குடும்பமும் கூடவே உழைக்க வேண்டும், வீட்டுக்கடனும் தவணையாகக் கட்ட வேண்டும். "சும்மா கொடுக்கிற மாளிகைக்கு வருஷா வருஷம் சொத்துவரி யார் கட்டுவா? ஏழு குளிரூட்டிக்குக் கரண்ட் பில்?" சித்தி பதில் சொல்லவில்லை. பஸ் வந்து நின்றுவிட்டது.

"மூவ் தட் பஸ்!"

உறைந்தது.

"டேய்," என்றாள் பாட்டி, "பஸ்ஸை நகர்த்த விடுடா."

"புல்லைப் பாரும்மா. வெட்டின புல்சுருளை ஒரு நாளுக்குள்ள விரிக்கணும், சுருட்டி வெச்சா உள்ளே வெந்துடும். வேர் பிடிக்க இரண்டு வாரம். அதுமேல முந்நூறு பேர் குதிக்கிறான்."

பாட்டி வாக்கரை உயர்த்தினாள். பஸ் நகர்ந்தது.

உள்ளே போனார்கள். சக்கர நாற்காலியில் ஒரு பையன். வாசலில் சாய்தளம். அவன் பாத்ரூம் கதவைத் தள்ளி, எங்கும் இடிக்காமல் நேராக உள்ளே போய், ஒரு வட்டம் அடித்துத் திரும்பினான். சித்தி துண்டுக்குள் மறைந்தாள். ரிமோட் உயர்ந்தது. ஆனால் பட்டன் அழுந்தவில்லை.

"ஓரங்குலம் ஏற பன்னிரண்டு அங்குல நீளம். சரியா இருக்கு," என்றார் சித்தப்பா, பாதிக் குரலில். "கதவு திறந்தா முப்பத்திரண்டு அங்குலம் வழி. திரும்ப அஞ்சடி வட்டம். கைப்பிடிக்குப் பின்னால கட்டை வெச்சிருப்பான், இல்லேன்னா பலகையோட பிடுங்கிட்டு வந்துடும். வெச்சிருப்பான்."

அதற்குப் பிறகு அவர் ஒன்றும் சொல்லவில்லை. நிகழ்ச்சி முடிந்து பெயர்கள் ஓடி, சித்தி துண்டைப் பிழிந்துகொண்டு எழுந்து போனாள்.

இன்று காலை பாத்ரூம் நிலையில் பென்சில் கோடு. ஒரு பக்கம் "23½" என்று எழுதியிருந்தது. அதன் கீழே கோடிட்டு "32". அதற்கும் கீழே, காலண்டர் தாளின் பின்புறத்தில் ஒரு பட்டியல்: கீலை மட்டும் மாற்றினால் கதவு முழுக்க ஒதுங்கி ஒன்றரை இரண்டு அங்குலம் கிடைக்கும், போதாது. சுவரை உடைக்கணும். லிண்டல் வார்த்தால் காத்திருக்கணும், ரெடிமேடாக வைக்கலாம். சிமென்ட் பூச்சுக்கு ஏழு நாள் தண்ணீர். பெயிண்டுக்கு 28 நாள். கடைசியில் அடிக்கோடிட்டு: யாரும் வாசலில் நின்று கத்தக் கூடாது.

"அவங்க முழு வீட்டையே ஏழு நாள்ல கட்டினாங்க," என்றாள் சித்தி.

"அந்தச் சுவர் காயலைன்னு சொன்னேன்ல?"

பாட்டி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளை இரண்டு தடவை படித்தாள். "அஞ்சு வாரமா? அதுக்குள்ள நான் நண்டு மாதிரி நடக்கப் பழகிடுவேன்டா," என்று சொல்லி, வாக்கரைக் குறுக்கே திருப்பினாள்.